குப்புவின் குரல் போன நாட்கள்

பிள்ளை அழுதால் காதைப் பொத்திக்கொள்கிறவர்களைக் கண்டால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது. அழட்டுமே! அழுவதற்குத் தெம்பு இருக்கிறதே என்று சந்தோஷப்பட வேண்டாமா? என் மகள் வாயைப் பிளந்து, முகம் சுருங்கி, கண்ணோரம் நீர் வழிய அழுதும் ஒரு சத்தமும் வெளியே வராமல் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த நாட்களைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதுவது. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு அம்பத்தூரை ஒட்டின மேனாம்பேடு. என் வீட்டுக்காரருக்கு ஸ்டேஷன் பக்கத்து அரிசி மில்லில் வேலை. பெயர் கன்னியப்பன். புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொல்லக்கூடாது என்பார்கள். எழுதிப் பார்த்தேன், கை ஒன்றும் வெந்துவிடவில்லை. நெல் உமி நீங்கி அரிசியான பிறகும் அதன்மேல் பழுப்பாகத் தவிடு ஒட்டியிருக்கும். அதை உரித்து அரிசியை வெள்ளையாக்குகிற மிஷின் அவர் பொறுப்பு. சாயங்காலம் வீடு திரும்பும்போது புருவம், மீசை எல்லாம் தவிட்டுத் தூளாக இருக்கும். பேச்சு மட்டும் அதிகம் கிடையாது. மிஷின் சத்தத்தில் பேசிப் பேசி அலுத்துவிட்டதோ என்னவோ, வீட்டில் நான் பத்து வார்த்தை பேசினால் அவர் ஒன்று பேசுவார்.

எனக்கு முதலில் பிறந்தது பையன். அடுத்தது பெண். இரண்டும் பிறக்கும்போது நன்றாகத்தான் இருந்தன. மூன்றாம் மாதத்தில் கக்க ஆரம்பித்து, மூச்சு வாங்கி, இரண்டு நாளைக்குள் போய்விட்டன. காற்று பட்டுவிட்டது என்றார்கள். பறவை நிழல் விழுந்துவிட்டது என்றார்கள். என் பாலே ஆகாத பால் என்று குழாயடியில் ஒருத்தி என் காதில் விழும்படியே சொன்னாள். நான் அவளோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போனேன். ஆனால் அந்தப் பேச்சு மட்டும் உள்ளே இறங்கிவிட்டது.

மூன்றாவது பிறந்ததும், எங்கள் பக்கத்தில் பிள்ளை தங்காத வீட்டில் என்ன செய்வார்களோ அதைச் செய்தோம். குழந்தையை ஒரு பழைய முறத்தில் கிடத்திக் குப்பைமேட்டில் கொண்டுபோய் வைத்தோம். பிள்ளைகள் நிலைத்திருக்கிற வீட்டுக்காரி ஒருத்தி வந்து, ஒரு படி தவிட்டைக் கொடுத்து அதை வாங்கிக்கொள்ள வேண்டும். அன்றிலிருந்து பிள்ளை அவளுடையது. பெற்றவள் வெறுமனே பால் கொடுத்து வளர்க்கிறவள். அவளுக்குப் பிள்ளையே கிடையாது, ஆகவே சாவு அவள் வீட்டு வாசலுக்கு வந்து எதைத் தேடும்? அதுதான் யோசனை. குப்பையில் கிடந்ததால் பெயர் குப்பம்மாள். வாங்கியவள் ஜைனபு அக்கா.

ஜைனபு அக்கா பூந்தமல்லியில் பிறந்து, மெத்தை தைக்கும் பாய்க்கு வாழ்க்கைப்பட்டு எங்கள் தெருக்கோடிக்கு வந்தவள். ஐந்து பெற்று ஐந்தும் கல்லுக்குண்டுகளாகத் திரிந்தன. “இன்னாடி தனம், ஒரு படி தவுட்டுக்கு ராசாத்தியைக் குடுத்துட்டியே, ஏமாந்துட்டே போ” என்று சிரித்துக்கொண்டே வாங்கினாள். நான் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து குப்புவை என் பிள்ளை என்று நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. கொஞ்சும்போதுகூட “ஜைனபு பெத்த கண்ணே” என்றுதான் கொஞ்சினேன்.

மூன்றாம் மாதம் பிறந்தது. ஒரு நாள் காலையில் குப்பு குடித்த பாலைக் கக்கினாள். மறுநாளும் கக்கினாள். வயிறு போகவில்லை. உடம்பு மெலியவில்லை, கன்னம் உப்பித்தான் இருந்தது. பார்த்தவர்கள் குழந்தைக்கு என்ன கேடு என்றார்கள். பிறகு குரல் கம்மியது. அழுகை முனகலாகி, முனகல் வெறும் மூச்சாகி, மூன்றாம் நாள் வாய் மட்டும் அழுதது. உதடு லேசாக நீலம் பாரித்தது. எனக்குத் தெரியாதா? இரண்டு முறை பார்த்தவளாயிற்றே. குப்புவைத் தோளில் போட்டுக்கொண்டு தெருக்கோடிக்கு, ஜைனபு அக்கா வீட்டுக்குப் போனேன்.

அது யுத்தம் நடந்த காலம். பட்டணத்தில் குண்டு விழும் என்று பயந்து, அங்கிருந்த ஒரு ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டை ஆவடிப் பக்கம் ஒரு பழைய பங்களாவுக்கு மாற்றியிருந்தார்கள். அக்காவின் வீட்டுக்காரர் பாய், மெத்தைப் பஞ்சு ஏற்றும் வண்டியைக் காலி செய்து மாட்டைப் பூட்டினார், அக்காவும் கூடவே ஏறிக்கொண்டாள். வழியெல்லாம் பட்டாள லாரிகள். ஒவ்வொரு லாரிக்கும் வண்டியை மண்ணில் இறக்கி நிறுத்த வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் நான் குப்புவின் மூக்கருகில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டேன்.

பங்களாவின் முன்கூடத்தில் பெயர் பதிகிற குமாஸ்தா நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்.

“தாயார் யாரு?”

நான் வாயைத் திறப்பதற்குள் ஜைனபு அக்கா முன்னால் வந்தாள். “நான்தாங்க.”

அவள் என் கையை அழுத்திய அழுத்தில் வளையல் பதிந்தது. சாவு நிச்சயமாகச் சுற்றிவருகிற இடம் என்றால் அது ஆஸ்பத்திரிதானே? அங்கே போய் இது என் பிள்ளை என்று நானே காட்டிக்கொடுப்பேனா? அக்கா சொன்னதுதான் சரி என்று எனக்கு அப்போது பட்டது. குமாஸ்தா எழுதிக்கொண்டார்.

வார்டு என்பது பங்களாவின் பெரிய கூடம். போதாததற்குப் பின்பக்கம் கீற்றுக் கொட்டகை. இரும்புக் கட்டில்கள், ஒவ்வொன்றின் கீழும் பாயில் ஒரு தாய். அந்த வார்டின் டாக்டர் ஒல்லியாக, தடித்த மூக்குக்கண்ணாடியோடு இருப்பார். குழந்தைக்கு மருந்து எழுதுகிற நேரத்தைவிடத் தன் கறுப்பு அட்டை நோட்டில் எழுதுகிற நேரம் அதிகம். அதனால் தாய்மார்கள் அவருக்கு நோட்டு டாக்டர் என்று பெயர் வைத்திருந்தார்கள். திடீரென்று வந்து இரண்டொரு நாளில் குழந்தையைக் கொண்டுபோகிற வியாதிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறார் என்று சிஸ்டர் சொன்னார். ஆராய்ச்சி என்றதும் குப்புவை இழுத்து மடிக்குள் மூடிக்கொண்டேன். பிள்ளையை அறுத்துப் பார்ப்பார்களோ என்று நினைத்தேன்.

அவர் அறுக்கவில்லை. கேட்டார். அவ்வளவு கேள்வி கேட்கிற மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. குப்புவின் நெஞ்சை விரலால் தட்டித் தட்டி, குழாய் வைத்து வெகுநேரம் கேட்டார். “இருதயம் வீங்கியிருக்கு” என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு ஜைனபு அக்காவிடம் திரும்பினார்.

“உனக்கு இது எத்தனாவது குழந்தைம்மா?”

“ஆறாவது, ஐயா.”

“மத்த அஞ்சும்?”

“நல்லா கீதுங்க. ஒண்ணு மேல ஒண்ணு ஏறிகினு ஊட்டை ரெண்டாக்குதுங்க.”

“கொஞ்சம் குந்தி எழுந்திரு பார்க்கலாம். கையை ஊணக்கூடாது.”

அக்கா ஆச்சரியப்பட்டாலும், புடவையைச் செருகிக்கொண்டு குந்தினாள், எழுந்தாள். “இன்னொரு தபா எழுந்திருக்கவா?” என்று கேட்டு மறுபடியும் எழுந்தாள். டாக்டர் என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார். புழுங்கலரிசிச் சோறு, கேழ்வரகு, பருப்பு, மீன், வாரத்தில் ஒரு நாள் கறி என்று அக்கா அடுக்கினாள்.

“பால் நீதான் குடுக்கறியா?”

அங்கேதான் எங்கள் கதை மாட்டிக்கொண்டது. அக்கா என்னைக் காட்டினாள். “எனக்குப் பால் வத்திப்போச்சு. இது குடுக்குது. பக்கத்து ஊடு.”

டாக்டர் என்னைப் பார்த்தார். “நீ என்னம்மா சாப்பிடறே?”

“எங்க ஊட்லதான் துன்னுது. நாங்க துன்றதுதான் அதுவும்” என்று அக்காவே முந்திக்கொண்டாள். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொன்று. நான் தலையை ஆட்டினேன்.

டாக்டர் நோட்டில் எழுதியிருந்த எதையோ கோடு போட்டு அடித்தார். குப்புவுக்கு நிமோனியா என்று வைத்து மருந்து கொடுத்தார்கள். நுரையீரலில் சளி கட்டி மூச்சு அடைப்பதற்கு அந்தப் பெயர். மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்து நாக்கில் தடவினார்கள். பாலைக் கொடுத்துக்கொண்டே இரு என்றார்கள். கொடுத்தேன். பாவி, என் மார்பாலேயே அவளுக்கு மேலும் மேலும் கொடுத்தேன்.

மறுநாள் டாக்டர் வந்தபோது அக்கா மாற்றுப் புடவை எடுத்துவர ஊருக்குப் போயிருந்தாள். அவர் குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்.

“உன் குழந்தை எப்போம்மா தவறிச்சு?”

மார்பில் பால் இருக்கிறவளுக்கு ஒரு குழந்தை பிறந்திருக்க வேண்டுமே. பக்கத்தில் இல்லை என்றால் இறந்திருக்க வேண்டும். அவர் நினைத்தது நியாயம். இரக்கத்தோடுதான் கேட்டார். ஆனால் என் குழந்தை என் மடியில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கிறது. அது செத்துப்போயிற்று என்று நான் எப்படிச் சொல்வேன்? சொன்ன வாய் பலித்துவிட்டால்? குப்புவைக் கட்டிலில் விட்டுவிட்டுக் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவுகிறவள்போல நின்றேன். அவர் தொந்தரவு செய்யாமல் போய்விட்டார். அந்த மனிதர் கொஞ்சம் முரடராக இருந்து அதட்டியிருந்தால் ஒரு நாள் மிச்சமாகியிருக்கும்.

மூன்றாம் நாள் காலை அடுத்த கட்டிலுக்குத் திருவள்ளூர் பக்கத்திலிருந்து ஒருத்தி வந்தாள். அவள் பிள்ளைக்கும் வாய் அழுதது, சத்தம் இல்லை. டாக்டர் வந்து கேட்க ஆரம்பித்தார். இதற்கு முன் பிள்ளை உண்டா? உண்டு, செத்துப்போனது. எத்தனாவது மாதம்? மூன்று. சாகும்முன் குரல் போயிற்றா? போயிற்று. என்ன சாப்பிடுகிறாய்? வீட்டில் நெல் வியாபாரம், பிள்ளை பெற்றதிலிருந்து மில் அரிசியும் மிளகு ரசமும்தான். உள்ளங்கால் மரத்துப்போகிறதா? ஆமாம். குந்தி எழுந்திரு. அவள் குந்தினாள். எழுந்திருக்க முடியாமல் தரையில் கையை ஊன்றினாள்.

“சிஸ்டர், ஊசி” என்றார் டாக்டர். அதுவரை அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை.

குழந்தையின் தொடையில் ஊசி போட்டார்கள். நான் குப்புவுக்கு விசிறிக்கொண்டே அந்தக் கட்டிலைப் பார்த்தபடி இருந்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் எனக்குள்ளே நான் பதில் சொல்லியிருந்தேன். எல்லாவற்றுக்கும் அவள் சொன்ன பதில்தான். மத்தியானச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் அந்தப் பிள்ளையின் உதட்டு நீலம் குறைந்துவிட்டது. விலா எலும்பு உள்ளே இழுப்பது நின்றது. அது தூங்கியது. குப்புவுக்கோ கண் மேலே செருக ஆரம்பித்திருந்தது.

ஜைனபு அக்கா திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். “என்னுதுன்னு சொன்னா போயிடுமோன்னு பயமா கீதுக்கா” என்றேன்.

அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். “அடிப் பைத்தியக்காரி! சொல்லாங்காட்டியும் போய்கினு கீது, கண்ணு தெரியல? தவுடு குடுத்து வாங்கினவ நான் சொல்றேன், உம்புள்ளடி அது. ஓடு!”

ஓடினேன் என்று எழுத ஆசை. கால் மரத்திருந்ததால் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். டாக்டர் வராந்தாவில் நோட்டும் கையுமாக நின்றிருந்தார். “ஐயா, அது என் புள்ள. நான் பெத்தது. இதுக்கு மின்னே ரெண்டு போச்சு. ரெண்டுக்கும் குரல் போச்சு” என்று ஒரே மூச்சில் கொட்டினேன். தவிட்டுக் கதையையும் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். “ரெண்டு நாள் போச்சேம்மா” என்றார். அதற்கு அவர் திட்டியிருக்கலாம்.

“குந்து.”

குந்தினேன். எழுந்திருக்கப் பார்த்தேன். தொடையிலும் கெண்டைக்காலிலும் பலமே இல்லை. பக்கவாட்டில் சரிந்து விழுந்தேன். அவரே கைகொடுத்துத் தூக்கினார். பிள்ளை பெற்ற உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று நான் அதுநாள்வரை நினைத்திருந்தேன். என்ன அரிசி என்று கேட்டார். சொன்னேன்.

யுத்தத்தால் கப்பல் வராமல் அந்த ஊசி மருந்து ஒரு சில குப்பிகள்தான் கைவசம் இருந்தன. அதனால்தான் நிச்சயமாகத் தெரிந்த பிள்ளைக்கு மட்டும் போட்டு வந்திருக்கிறார். ஒரு குப்பியை உடைத்துக் குப்புவுக்குப் போட்டார். போட்டுவிட்டுப் போகாமல் கட்டிலருகிலேயே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அரை மணிக்கு ஒரு முறை நாடி பார்த்து எழுதினார். நான் வேண்டாத தெய்வம் இல்லை. பக்கத்தில் அக்காவின் உதடும் ஓதிக்கொண்டே இருந்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்குக் குப்பு கண்ணைத் திறந்து விளக்கைப் பார்த்தாள். மூச்சு சீராக வந்தது. துணி நனைகிற அளவுக்கு மூத்திரம் போனாள். டாக்டர் அதையும் நோட்டில் எழுதினார். நான் ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன்.

மறுநாள் எனக்குப் புரியும்படி சொன்னார். வியாதிக்குப் பெயர் பெரிபெரி. அரிசியின் மேலே ஒட்டியிருக்கும் தவிட்டில் ஒரு சத்து இருக்கிறது. நெல்லைப் புழுக்கினால் அந்தச் சத்து அரிசிக்குள்ளே இறங்கிவிடும். எத்தனை தீட்டினாலும் முழுதாகப் போகாது. பச்சரிசியை மிஷினில் போட்டு வெள்ளை வெளேரென்று தீட்டி, பல தண்ணீர் கழுவி, கஞ்சியையும் வடித்துக் கொட்டிவிட்டால் ஒன்றும் மிஞ்சாது. மற்றவர்களுக்குக் காய், பருப்பு, மீன் என்று வேறு வழியில் கிடைத்துவிடும். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் என்று அதையெல்லாம் நிறுத்திவிடுகிறோம். தாய்க்குக் கால் மரக்கும், அவ்வளவுதான். அவள் பாலைக் குடிக்கிற பிள்ளைக்கு இருதயம் வீங்கும், தொண்டை நரம்பு சோர்ந்து குரல் போகும்.

“உன் பால்ல விஷம் இல்லைம்மா. அதுல ஒண்ணு குறைச்சல், அவ்வளவுதான்” என்றார். குழாயடிக்காரியின் பேச்சு அவருக்கு எப்படித் தெரியும்? தெரிந்தேதான் சொன்னார் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

எனக்கும் ஊசி. சில நாள் தாய்ப்பால் கூடாது, ஆட்டுப்பால். எனக்குத் தவிட்டைச் சலித்து வறுத்துக் கஞ்சியில் கலந்து கொடுத்தார்கள். தொண்டையில் இறங்காது. அக்கா எதிரே உட்கார்ந்து வாயில் போடுவாள். “ஒரு படி தவுட்டுக்கு வாங்கினேன். நீ இப்ப மூட்டையைத் துன்னு தீர்த்துடுவே போலகீதே” என்பாள். ஆறாம் நாள் குப்புவின் தொண்டையிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. ஏழாம் நாள் வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். பிள்ளைகள் எல்லாம் விழித்துக்கொண்டன. ஒரு தாயும் முகம் சுளிக்கவில்லை.

இதெல்லாம் நல்ல செய்திதான். ஆனால் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏனென்றால் என் வீட்டுக்காரர்.

அந்த அரிசி எங்கள் வீட்டுக்கு வந்த கதையைச் சொன்னால்தான் புரியும். எங்கள் ஜனங்கள் கேழ்வரகும் புழுங்கலும் தின்கிறவர்கள். நானும் வயிற்றில் பிள்ளை இல்லாத காலத்தில் அதைத்தான் தின்றேன். எனக்கு ஏழாம் மாதம் ஆனதும் அவர் முதலாளியைக் கெஞ்சி, பட்டணத்துக்குப் போகிற பச்சரிசியில் கொஞ்சம் வாங்குவார். மற்றவர்கள் போனபின் தனியாக நின்று அதைத் தம் மிஷினில் மூன்று முறை தீட்டுவார். பூ மாதிரி கொண்டுவந்து வைப்பார். “நம்ம சனத்துல எவ துன்னுருக்கா இப்பிடி சோறு? நீ துன்னு” என்பார். அவர் என்னிடம் பிரியமாகப் பேசிய வார்த்தைகளை எண்ணினால் பாதி அந்த அரிசியைப் பற்றித்தான் இருக்கும். மூன்று பிரசவத்துக்கும் அதே அரிசி.

இதை நான் எந்த வாயால் அவரிடம் சொல்வது? ஊசி போட்டார்கள், தேறிவிட்டது என்று மட்டும் சொன்னேன். அக்காவையும் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

அவர் தினமும் மில் விட்டதும் ரயிலேறி ஆவடிக்கு வருவார். வரும்போது தூக்குப் பாத்திரத்தில் சோறு. தாமே கழுவி, தாமே வடித்தது. ஆஸ்பத்திரிச் சோற்றில் கல் கிடக்கும், பிள்ளை பெற்றவள் அதைத் தின்னலாமா என்று அவருக்குக் கவலை. நான் வாங்கி வைத்துக்கொண்டு, அவர் போனதும் பின்னால் மாமரத்தடியில் கொட்டிவிடுவேன். காக்கைகள் அந்த நேரத்துக்குப் பழகிவிட்டன.

ஒரு நாள் துண்டை மறந்துவிட்டதால் திரும்பி வந்தார். நான் பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

“இன்னாமே, காக்காய்க்கா கொண்டாந்தேன்?”

“பசிக்கலய்யா.”

“மூணு தபா தீட்டினது. ஆறு தண்ணி கயுவினேன். கொயஞ்சி போச்சா?”

“அதெல்லாம் இல்ல.”

அவர் சிந்திக்கிடந்த சோற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். “நாளைக்கு இன்னும் நல்லா வடிச்சிகினு வரேன்” என்று சொல்லிவிட்டு, துண்டை எடுக்காமலே போய்விட்டார். அவர் கோபித்து ஒரு அறை விட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

பதினான்காம் நாள் எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று மில் விடுமுறை என்பதால் அவர் காலையிலேயே வந்திருந்தார். குப்பு அவர் தோளில் கிடந்து அவர் காதுக்குள்ளேயே கத்திக்கொண்டிருந்தாள், அவர் அசையவில்லை. நோட்டு டாக்டர் வந்தார். என்ன சாப்பிடுவது, என்ன மருந்து என்று எல்லாம் சொல்லிவிட்டு, “இனிமே அந்த மில் பச்சரிசி பக்கமே போகாதீங்க” என்றார்.

“ஏன் ஐயா?” என்றார் இவர்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது. முக்காலியை இழுத்து இவரை உட்காரச் சொல்லி, தாம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். எனக்குச் சொன்னதுபோலவே, அவசரமில்லாமல், எல்லாவற்றையும் சொன்னார். இவர் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே கேட்டார். தட்டுவது நடுவில் ஒரு இடத்தில் நின்றுவிட்டது.

“அப்போ அந்த ரெண்டும்?”

“அதே வியாதிதான்னு நினைக்கிறேன்ப்பா.”

“நான் குடுத்த சோறா ஐயா?”

நான் குறுக்கே விழுந்தேன். “நீ இன்னாய்யா பண்ணே? சோறு போட்டே. பொண்டாட்டிக்கு நல்ல சோறு போட்டது ஒரு குத்தமா?”

அவர் என் பக்கம் திரும்பவில்லை. டாக்டர் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: “போன வருஷம்வரை எனக்கே இது பிடிபடலை. இதே மாதிரி குரல் போன பிள்ளைகளுக்கு நானும் நிமோனியான்னுதான் மருந்து குடுத்தேன். என் கையிலேயே போயிருக்கு. அதுக்குத்தான் இப்போ ஒவ்வொரு வீட்லயும் கேட்டுக் கேட்டு எழுதிக்கிட்டு வரேன்.” சற்றுப் பொறுத்து, தயக்கத்தோடு கேட்டார். “அந்த ரெண்டு பிள்ளையும் எத்தனை மாசத்துல போச்சு? ஞாபகம் இருந்தா சொல்லுங்க. வேண்டாம்னா விட்டுடலாம்.”

மூணாம் மாசம் என்று சொல்ல நான் வாயெடுத்தேன்.

“தங்கவேலு எம்பத்திரண்டாம் நாளு” என்றார் இவர். “வெடிகாலைல. அலமேலு எயுபத்தொம்போது. மத்தியானம் சங்கு ஊதறதுக்கு மின்னே.”

அந்தப் பெயர்கள் எங்கள் வீட்டில் அதுவரை திரும்ப ஒலித்ததில்லை. புதைத்த மறுநாளே இரண்டு முறையும் மில்லுக்குக் கிளம்பிப் போனவர் அவர். அதற்காக நான் அவரை மனதுக்குள் மன்னிக்கவே இல்லை. இந்த ஆண்பிள்ளைக்கு எல்லாம் துடைத்துவிட்ட மாதிரி மறந்துபோகிறது என்று எத்தனையோ நாள் கரித்திருக்கிறேன். நாள் எண்ணிக்கொண்டு இருப்பது நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன்.

டாக்டர் எழுதுவதற்காகத் தலையைக் குனிந்தார். என் வீட்டுக்காரர் தோளிலிருந்து நழுவிய குப்புவை இழுத்து அணைத்துக்கொண்டார்.

“இதுக்கு இன்னியோட தொண்ணூத்தொண்ணு, ஐயா. அதையும் எயுதிக்குங்க.”